பத்தியமும் பரிசோதனையும்: மதியிறுக்கத்திற்குச் சொல்லப்படும் உணவுமுறைகளையும் மாற்று மருத்துவங்களையும் மதிப்பிடுதல்

தமிழாசிரியரிடம் பெற்றோர் கேட்கும் கேள்விகள் யாவும் தமிழைப் பற்றியவை அல்ல. பிடோக் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் பெற்றோர் சந்திப்பு முடிந்து, நாற்காலிகளை ஒழுங்குபடுத்தும் நேரத்தில், ஒரு தாய் தயங்கியபடி வந்து நிற்பதாக வைத்துக்கொள்வோம். "கோதுமையையும் பாலையும் அடியோடு நிறுத்திவிட்டோம், டீச்சர். மூன்று வாரமாகப் பிள்ளை முகம் பார்த்துப் பேசுகிறான். வகுப்பில் உங்களுக்கு ஏதும் மாற்றம் தெரிகிறதா?" என்று அவர் கேட்கிறார். இல்லை என்றால் அவர் மனம் நோகும். ஆம் என்றால் அடுத்த மாதம் இன்னொரு மருந்துப் புட்டியும் வீட்டிற்குள் வரும். அந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை சொல்ல என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதே நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

இக்கேள்வி இனி அரிதாக எழப்போவதில்லை. சிங்கப்பூரில் ஏறத்தாழ 150 பிள்ளைகளில் ஒருவர் மதியிறுக்கம் உடையவர் என்று உடற்குறையுள்ளோருக்கான மூன்றாவது பெருந்திட்டம் குறிப்பிட்டது. 2019 முதல் கட்டாயக் கல்விச் சட்டம் சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளையும் உள்ளடக்குகிறது. பிடோக்கிலேயே மதியிறுக்கமுடைய மாணவர்களுக்கென ஆவா அமைப்பின் சிறப்புக் கல்விப் பள்ளி இயங்குகிறது. வழக்கமான பள்ளிகளின் தாய்மொழி வகுப்புகளிலும் இத்தகைய மாணவர்கள் நம்முன் அமர்ந்திருக்கிறார்கள்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். ஆட்டிசம் என்பதற்கு மதியிறுக்கம், தன்முனைப்புக் குறைபாடு எனப் பல பெயர்கள் தமிழில் வழங்குகின்றன. இறுக்கம் என்றால் தளர்த்திவிடலாம் என்றும், குறைபாடு என்றால் எதையோ இட்டு நிரப்பிவிடலாம் என்றும் சொல்லே ஓர் எதிர்பார்ப்பை ஊட்டிவிடுகிறது. உண்மையில் இது மூளை வளரும் விதத்திலேயே அமைந்த வேறுபாடு. இதில் மரபணுக்களின் பங்கு பெரிது. காய்ச்சலைப் போல வந்து போவதன்று. மதியிறுக்கமுடைய பெரியவர்கள் பலர் தங்களை நோயாளிகள் என்று அழைப்பதையே ஏற்பதில்லை. ஆயினும் பேச்சு வராத பிள்ளையின் தாய் உறங்காத இரவுகளும் உண்மையே. அந்த இரவுகளில்தான் உணவுப் பட்டியல்களும் புட்டிகளும் வீட்டிற்குள் நுழைகின்றன.

நம் வீடுகளில் உணவு மாற்றம் எளிதில் நம்பிக்கை பெறுவதற்குக் காரணம் உண்டு. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தைப் புரட்டினால், பத்துக் குறட்பாக்களில் பெரும்பாலானவை உண்ணும் முறையைத்தான் பேசுகின்றன. காய்ச்சலுக்குக் கஞ்சி, சளிக்குத் தயிர் விலக்கு, பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு என்று வளர்ந்தவர்கள் நாம். கோதுமையும் பாலும் விலக்கும் முறை மேலைநாட்டில் தோன்றியது. நம் சமையலறைக்குள் வரும்போதோ அது பத்தியம் என்னும் பழைய உடையை அணிந்துகொண்டு வருகிறது.

பத்தியத்திற்கு எழுதப்படாத விதி ஒன்று உண்டு. நோய் தீர்ந்தால் அது மருந்தின் பெருமை. தீராவிட்டால் பத்தியம் முறிந்தது. பத்தியம் காப்பவர் பெரும்பாலும் தாய். ஆகவே முறித்தவர் என்ற பழியும் அவர்மேலேயே விழுகிறது. பிறந்தநாள் விழாவில் தின்ற ஒரு துண்டுக் கேக், பாட்டி பாசத்தோடு நீட்டிய ஒரு பிஸ்கட், இவை போதும். மருத்துவம் மட்டும் ஒருபோதும் குற்றவாளிக் கூண்டில் ஏறுவதில்லை. எது நடந்தாலும் பொய்க்காத ஒரு கூற்றை நாம் சோதிக்கவே முடியாது. சோதனை என்ற பெயருக்கு உரியதாயின் அது 'இல்லை' என்று சொல்லவும் வல்லதாக இருக்க வேண்டும்.

அவ்வாறு 'இல்லை' என்று சொன்ன ஒரு சோதனையைச் சற்று விரிவாகக் காண்போம். செக்ரெட்டின் என்பது சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் சுரக்கும் இயக்குநீர். கணையத்தைத் தூண்டிச் செரிமானத்திற்கு உதவுவது. 1902ஆம் ஆண்டில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர் இலண்டனில் இதனைக் கண்டறிந்தனர். கணையம் சரியாக இயங்குகிறதா என்று பார்க்க மருத்துவர்கள் இதனை ஊசி வழியே செலுத்துவதுண்டு. 1998இல் அமெரிக்காவின் மேரிலண்டில், வயிற்றுக் கோளாறுக்காக இப்பரிசோதனைக்கு உட்பட்ட, மதியிறுக்கமுடைய 3 பிள்ளைகளிடம் பார்வைத் தொடர்பும் பேச்சும் மேம்பட்டதாக ஓர் அறிக்கை வெளியாயிற்று. தொலைக்காட்சி அச்செய்தியைப் பரப்பியது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு அந்த ஊசி போடப்பட்டது. மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது, விலையும் ஏறியது.

ஏட்ரியன் சாண்ட்லர் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 60 பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டனர். குலுக்கல் முறையில் ஒரு பாதியினருக்குச் செக்ரெட்டின். மறு பாதியினருக்கு வெறும் உப்புநீர். மருந்து போலத் தோன்றி மருந்தாகாத இதனைத் தமிழில் மருந்துப்போலி என்கிறோம், நல்ல சொல். எந்தப் பிள்ளைக்கு எது என்பது பெற்றோருக்கும் தெரியாது, மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. நான்கு வாரங்கள் கடந்தன. நடத்தைப் பட்டியல் ஒன்றில் புள்ளி குறைந்தால் முன்னேற்றம் என்று கொள்வார்கள். செக்ரெட்டின் பெற்றவர்களின் சராசரிப் புள்ளி 8.9 குறைந்தது. இவ்வளவோடு நிறுத்தியிருந்தால், மருந்து வென்றது என்றே உலகம் சொல்லியிருக்கும். ஆனால் உப்புநீர் பெற்றவர்களின் புள்ளி 17.8 குறைந்திருந்தது.

உப்புநீர் மேலான மருந்து என்பது இதற்குப் பொருளன்று. அந்த வேறுபாடு தற்செயலாகவும் ஏற்படக்கூடிய அளவினதே. நாம் கவனிக்க வேண்டியது, இரு சாராரும் முன்னேறினார்கள் என்பதையே. ஏன்? பிள்ளைகள் வளர்கிறார்கள்; மதியிறுக்கமுடைய பிள்ளையும் மாதத்திற்கு மாதம் கற்கிறது, ஆனால் தன் வேகத்தில். இரண்டாவதாக, அழுகையும் தூக்கமின்மையும் உச்சத்தில் இருக்கும்போதுதான் பெற்றோர் புதிய மருத்துவத்தை நாடுகிறார்கள். உச்சம் தொட்டது எதுவும் பின்னர் இயல்பாகவே சற்று இறங்கும். அத்தோடு, பேச்சுப் பயிற்சியும் வகுப்பும் அதே வேளையில் நடந்துகொண்டிருக்கும். எல்லாவற்றிற்கும் மேலாக, எதிர்பார்ப்பு கண்களைக் கூர்மையாக்குகிறது. நேற்றுவரை கவனியாத ஒரு பார்வை இன்று 'பார்த்தான்' என்று குறிக்கப்படுகிறது. தாயின் குரலிலும் நம்பிக்கை ஏறுகிறது. பிள்ளையும் அதற்கு மறுமொழி தருகிறது.

ஆய்வின் முடிவைப் பெற்றோரிடம் சொன்ன பிறகும், அவர்களுள் 69 விழுக்காட்டினர் செக்ரெட்டினில் தங்களுக்கு இன்னும் ஆர்வம் இருப்பதாகக் கூறினர். இதனை அறியாமை என்று நகைப்பவர்களோடு நாம் உடன்படவில்லை. அவர்கள் கண்ட முன்னேற்றம் கற்பனை அன்று. பிள்ளை உண்மையாகவே ஓரடி முன்வைத்திருக்கலாம். காரணம் மட்டுமே வேறு. பின்னர் 16 சோதனைகளும் 900க்கு மேற்பட்ட பிள்ளைகளும் சேர்ந்த மறுஆய்வு 2012இல் வந்தது. செக்ரெட்டினுக்கு மதியிறுக்கத்தில் பயன் உண்டு என்பதற்கு அதிலும் சான்று கிட்டவில்லை.

மாணவர்களுக்கு இம்முறை புதிதன்று. தொடக்கப்பள்ளி அறிவியல் பாடத்தில் அவரைச் செடி ஒன்றை வெளிச்சத்திலும் மற்றொன்றை இருட்டிலும் வைத்து, மண், நீர், தொட்டி யாவற்றையும் ஒன்றுபோல் வைத்துக்கொள்கிறோம். ஒரே செடியை வெளிச்சத்தில் வைத்து, அது வளர்ந்ததும் 'பார்த்தாயா, நான் பாடிய பாட்டினால் வளர்ந்தது' என்று எவரேனும் சொன்னால், வகுப்பே சிரிக்கும். பிள்ளையைப் பற்றிய பேச்சு வரும்போது மட்டும் அந்த இரண்டாவது தொட்டியை நாம் மறந்துவிடுகிறோம்.

இனி, அந்தத் தாய் கேட்ட கோதுமைக்கும் பாலுக்கும் வருவோம். மூளையில் இயல்பாகச் சுரக்கும் அபினி போன்ற பொருள்களுக்கும் மதியிறுக்கத்திற்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1979இல் ஜாக் பாங்செப் என்னும் ஆய்வாளர் கருத்துரைத்தார். கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதமும் பாலிலுள்ள கேசின் என்னும் புரதமும் முழுமையாகச் செரிக்காமல், அபினி போன்ற துணுக்குகளாகிக் குடலிலிருந்து கசிந்து மூளையைத் தாக்குகின்றன என்று பிறர் அதனை விரித்தனர். கேட்பதற்கு அழகான கொள்கை. அழகு சான்றாகாது.

பிடோக்கில் ஒரு பிள்ளையின் காலையுணவை எண்ணிப் பார்ப்போம். உணவங்காடி நிலையத்துப் பரோட்டா, ஒரு குவளை மைலோ, இல்லையேல் ரொட்டி. மாலையில் மீ கோரெங். மஞ்சள் மீயும் கோதுமை. அதில் ஊற்றும் சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை உண்டு. இட்லியும் சோறும் நமக்குக் கைகொடுக்கும் என்பது உண்மைதான். ஆயினும் சாம்பாருக்கு இடும் பெருங்காயத்தூளைப் பாருங்கள்: கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது வழக்கம். அடியோடு விலக்கிவிட்டோம் என்று நம்பும் வீட்டிலும் கோதுமை சாம்பார் வழியே நாள்தோறும் வந்துகொண்டிருக்கக்கூடும். அந்த வீட்டில் பிள்ளை தேறினால், அது விலக்கின் பயன் என்று எவ்வாறு சொல்வது?

அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சூசன் ஹைமன் குழுவினர் இதனைச் சோதித்த விதம் எளிமையானது, பாராட்டத்தக்கது. மூன்று முதல் ஐந்து வயதுள்ள பிள்ளைகளுக்கு, ஊட்டச்சத்து வல்லுநரின் கண்காணிப்போடு, கோதுமையும் பாலும் முற்றிலும் விலக்கப்பட்டன. பின்னர் இடைவெளி விட்டு ஒரு தின்பண்டம் தரப்பட்டது. அதில் சில நாள் குளூட்டன், சில நாள் கேசின், சில நாள் இரண்டும், சில நாள் இரண்டும் இல்லை. சுவையும் தோற்றமும் ஒன்றே. எந்நாளில் எது என்று பெற்றோரோ ஆய்வாளரோ பிள்ளையோ அறியார். தூக்கத்திலும் மலம் கழிப்பதிலும் நடத்தையிலும் நாளுக்கு நாள் வேறுபாடு தோன்றவில்லை. இறுதிவரை நின்றவர்கள் 14 பிள்ளைகளே என்பதையும், கோதுமை ஒவ்வாமை நோய் உள்ளவர்கள் இதில் சேர்க்கப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சிறிய ஆய்வு ஒன்று வாயிலை முற்றாக மூடிவிடுவதில்லை. ஆனால் வாயிலுக்கு அப்பால் பெரும் பயன் காத்திருந்தால், அதன் ஒளிக்கீற்றேனும் தெரிந்திருக்கும்.

உணவுதானே, முயன்று பார்ப்பதில் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். குறைவது உண்டு. அமெரிக்காவில் நான்கு முதல் எட்டு வயது வரையுள்ள, மதியிறுக்கமுடைய 75 சிறுவர்களின் கை எலும்பை அளந்து 2008இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களின் எலும்பின் தடிமன் பொதுவாகவே எதிர்பார்த்த அளவினும் குறைந்திருந்தது. பாலுணவை விலக்கியவர்களிடம் அக்குறைவு ஏறத்தாழ இருமடங்கு. மதியிறுக்கமுடைய பிள்ளைகளுள் பலர் முன்பே மிகச் சில உணவுகளை மட்டும் உண்பவர்கள்: வெள்ளை நிற உணவு மட்டும், ஒரே கடையின் ஒரே வகை ரொட்டி மட்டும், மொறுமொறுப்பானவை மட்டும். பழமும் காயும் முற்றிலும் மறுத்து, இக்காலத்திலும் ஸ்கர்வி நோய்க்கு ஆளான பிள்ளைகளைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதியுள்ளன. உண்பதே ஐந்து பண்டம் என்றிருக்கும் பிள்ளையின் தட்டிலிருந்து இரண்டை எடுப்பது சிறிய செயலன்று. வகுப்பு நண்பனின் பிறந்தநாள் கேக்கை மறுத்துத் தனியே அமர்ந்திருப்பதும் ஒரு விலைதான். அதனை எந்த ஆய்வும் அளக்கவில்லை.

இன்னொரு செய்தி பலரும் அறியாதது. கோதுமை உண்மையிலேயே குடலைப் புண்படுத்தும் சீலியாக் நோய் ஒன்று உண்டு. அதற்கு இரத்தப் பரிசோதனையும் உண்டு. கோதுமையை நிறுத்திவிட்டு அப்பரிசோதனைக்குச் சென்றால் நோய் இருந்தும் தென்படாமல் போகலாம். ஐயமிருந்தால் முதலில் பரிசோதனை, பிறகே விலக்கு.

சத்து மாத்திரைகளின் கதையை நீட்ட வேண்டியதில்லை. மீன் எண்ணெயைப் பற்றிய 2011ஆம் ஆண்டு மறுஆய்வில் தகுதியுடைய சோதனைகள் இரண்டே. அவற்றில் பங்கேற்ற பிள்ளைகள் 37 பேர். அக்குபங்சரைப் பற்றிய அதே ஆண்டு மறுஆய்வில் 10 சோதனைகள், 390 பிள்ளைகள். பயனை உறுதிசெய்யப் போதிய சான்றில்லை. வைட்டமின் பி6 நீரில் கரைவது, மிகுந்தால் சிறுநீரில் போய்விடும் என்று சொல்லி மிகை அளவில் தருவோர் உண்டு. மிகை அளவில் நெடுநாள் உட்கொண்டால் அது கை கால்களின் நரம்புகளைக் கெடுக்கும் என்பது 1983 முதலே அறியப்பட்டது.

தயங்காமல் 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டியவையும் உள்ளன. உடலிலுள்ள பாதரசத்தை வெளியேற்றுகிறோம் என்று சொல்லி மருந்து செலுத்தும் உலோகநீக்க முறையில், 2005இல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். செலுத்தப்பட்ட மருந்து இரத்தத்திலுள்ள கால்சியத்தைக் குறைத்து இதயத்தை நிறுத்தியது. அம்முறையைச் சோதிக்கத் திட்டமிட்ட அமெரிக்க அரசு ஆய்வும் பாதுகாப்புக் காரணத்தால் 2008இல் கைவிடப்பட்டது. தொப்புள்கொடி இரத்தத்தை ஏற்றிய டியூக் பல்கலைக்கழகச் சோதனையில் 180 பிள்ளைகள் பங்கேற்றனர். அது தன் முதன்மை இலக்கை எட்டவில்லை என்று 2020இல் அறிவிக்கப்பட்டது. அதன் பின்னரும் குருத்தணு மருத்துவம் பெரும் பணத்திற்கு விற்கப்படுவதால், இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் மதியிறுக்கத்திற்கு அதனைப் பரிந்துரைக்க இயலாது என்று 2022இல் தெரிவித்தது. பிள்ளையை அழைத்துக்கொண்டு விமானம் ஏற எண்ணும் குடும்பத்திற்கு இந்த ஒரு செய்தியேனும் சென்று சேர வேண்டும்.

நாட்டு மருந்தைப் பற்றியும் பேசாமல் விட முடியாது. அது நம்முடையது என்பதனாலேயே. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், பாஸ்டன் வட்டாரத் தெற்காசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது, 14 மருந்துகளில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருந்தன. நம் மரபு மருந்துகள் யாவும் நஞ்சு என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. ஐந்தில் நான்கில் அந்த உலோகங்கள் காணப்படவில்லை. ஆனால் எது எந்த நான்கில் ஒன்று என்று புட்டியைப் பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது. உலோகத்தை வெளியேற்ற ஒரு மருந்தும், அறியாமல் உலோகத்தையே ஊட்டும் இன்னொரு மருந்துமாக ஒரே அலமாரியில் இரண்டு புட்டிகள் அருகருகே நிற்கவும் கூடும்.

சிங்கப்பூரில் விற்பதெல்லாம் அரசு சோதித்து அனுமதித்ததாகத்தான் இருக்கும் என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. மருந்துகளுக்கு அது பொருந்தும். சத்துணவு மாத்திரைகள் விற்பனைக்கு வருமுன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன்னனுமதி பெற வேண்டியதில்லை. அவற்றின் பாதுகாப்புக்கு விற்பவரே பொறுப்பு. அதே வேளையில், நோயைத் தீர்க்கும் என்று அவை விளம்பரம் செய்யவும் கூடாது. ஆகவே மதியிறுக்கத்தைக் குணப்படுத்தும் என்று ஒரு புட்டியில் எழுதியிருந்தால், அந்த வரியே எச்சரிக்கை.

எல்லாவற்றையும் மறுப்பது நம் நோக்கமன்று. தூக்கம் வராத பிள்ளைகளுக்கு மெலட்டோனின் பயன் தருவதாகச் சோதனைகள் காட்டியுள்ளன. அது மருத்துவர் அளவு குறித்துத் தர வேண்டியது. மலச்சிக்கல், இரும்புச்சத்துக் குறைவு, பல்வலி ஆகியவற்றைச் சொல்லத் தெரியாத பிள்ளை தலையை மோதிக்கொள்ளலாம், கடிக்கலாம், அலறலாம். வலி தீர்ந்தால் நடத்தை மாறும். பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குப் பாலை நிறுத்தியதும் வயிறு அமைதியடைந்து முகம் தெளியலாம். அந்தத் தாய் கண்டது அதுவாகவும் இருக்கலாம். அப்படியாயின் மருத்துவம் பார்க்க வேண்டியது வயிற்றுக்கு.

அப்படியானால் வகுப்பில் மாற்றம் தெரிகிறதா என்ற கேள்விக்கு என்ன சொல்வது? குறிப்பு எடுத்திருந்தால் ஒழிய நமக்குத் தெரியாது என்பதே நேர்மையான விடை. ஆனால் ஆசிரியருக்கு ஒரு வாய்ப்பு உண்டு. ஊட்டச்சத்து வல்லுநரின் துணையோடு ஒரு மாற்றத்தை முயல்வது என்று குடும்பம் தீர்மானித்தால், அது எந்நாளில் தொடங்குகிறது, எந்நாளில் நிற்கிறது என்பதை ஆசிரியரிடம் சொல்லாமல் இருக்கலாம். ஆசிரியர் நாள்தோறும் எண்ணக்கூடிய ஒன்றை மட்டும் குறிக்கட்டும்: தானாகக் கேட்ட கேள்விகள் எத்தனை, இருக்கையை விட்டு எழுந்தது எத்தனை முறை. 'நன்றாக இருந்தான்' என்று எழுதுவது பயன்படாது. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். முடிவு நாள் முன்கூட்டியே குறிக்கப்பட வேண்டும். அதன்பின் பழைய உணவிற்குத் திரும்பி மேலும் சில வாரம் எண்ண வேண்டும். இரண்டு குறிப்பேடுகளையும் அருகருகே வைக்கும்போது தாயும் ஆசிரியரும் ஒரே பக்கம் அமர்ந்து பார்க்கலாம். மாற்றம் இல்லையென்று தெரிந்தால், பத்தியத்தை முறித்தது யார் என்ற கேள்வி அங்கு எழாது.

மருத்துவரிடம் செல்லத் தயங்கும் பெற்றோருக்கு வழி காட்டுவதும் நம்மால் இயலும். பிடோக்கில் ஹார்ட்பீட் கட்டடத்திலேயே பலதுறை மருந்தகம் உள்ளது. பொது நூலகமும் அதே கூரையின் கீழ்தான். மருந்தகத்திலிருந்து கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ பரிந்துரை பெறலாம். செல்லும்போது வீட்டிலுள்ள மாத்திரைப் புட்டிகள், பொடிகள், எண்ணெய்கள் யாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லச் சொல்வது நன்று. பெயர்ச்சீட்டு இல்லாத பொட்டலங்களை முதலில்.